ஒரே உலையில் உண்பவர்கள்

அந்தத் தேநீரை நான் குடித்திருக்கக் கூடாது. குடிக்காமல் வந்திருந்தால், எனக்கு எதுவும் தெரியாது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வளவு. முன்பக்கம் ஓடு போட்ட வீடு, பின்பக்கம் ஓலைச் சார்ப்பு. சார்ப்புக்குள் மூன்று கல் வைத்த அடுப்பு. அந்த அடுப்பில் கேத்தலை ஏற்றி, ஊதி ஊதிக் கண் சிவந்து, அந்த வளவின் தாய் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அதைக் குடித்துக்கொண்டேதான் கையிலிருந்த டெப்பின் தொடுதிரையில் 'இவ்வளவிலுள்ள அனைவரும் ஒரே உலையில் உண்பவர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று அமுக்கினேன்.

அப்போது நான் பிரதேச செயலகத்தில் பயிலுனர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, வேலை கேட்டுத் தெருவோரம் கொட்டில் போட்டு மாதக்கணக்கில் இருந்து, கடைசியில் கிடைத்த கதிரை அது. கதிரை என்றால் கால் ஆடுகிற கதிரை. நிரந்தர நியமனம் இன்னும் வரவில்லை. காலையில் எழுவான்கரையிலிருந்து பாதை ஏறி, பின்னேரம் அதே பாதையில் திரும்புவேன். வாவியைக் கடக்கிற இரும்பு மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பெயர்.

எல்லாம் டிஜிட்டல் ஆகப் போகிறது என்று எங்களை ஒரு மண்டபத்தில் இருத்தி இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். இனி மக்கள் சேவையைத் தேடி அலையத் தேவையில்லை, சேவை மக்களைத் தேடிப் போகும் என்றார் வந்தவர். நாங்கள் கை தட்டினோம். நான் மனதாரத்தான் தட்டினேன். அதுவரை உதவிப் பட்டியல் என்பது கிராம சேவகரின் கொப்பி. அவருடைய மச்சானுக்குக் கால் நொண்டி என்று எழுதியிருக்கும். மச்சான் ஓடிப்போய் பஸ் ஏறுவதை ஊரே பார்க்கும். அந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு வருகிறதே என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்தக் கொப்பியில் யார் எங்கே சமைக்கிறார்கள் என்பது எழுதாமலே தெரிந்திருந்தது. அது அப்போது எனக்கு ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவான். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவின் பின்பக்கம் ஒதுங்குவார்கள். மருமகனுக்கு முன்னால் மாமி வருவதும் போவதும் இருவருக்கும் கூச்சம். அதனால் கொஞ்ச நாளில் பின்பக்கம் ஓர் அடுப்பு முளைக்கும். சண்டையில்லை, கோபமில்லை, அது பாட்டுக்கு முளைக்கும். எல்லா வளவிலும் இருக்கிறது. ஆனால் எந்த வளவிலும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தாய்க்கு வேறு அடுப்பு என்று வாய்விட்டுச் சொன்னால், வீட்டை வாங்கிக்கொண்டு பெற்றவளுக்குச் சோறு போடாதவள் என்று மகளைச் சொன்னதாக அர்த்தம். ஒரு பெண்ணை ஏச அதைவிடப் பெரிய சொல் எங்கள் பக்கம் இல்லை.

அந்த வளவிலும் அதுதான். தாய்க்கு ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை. வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போவார், மற்ற நாளில் கரையில் மீன் தரம் பிரிப்பார். மூத்த மகளுக்கு இரண்டு பிள்ளைகள், புருசன் கட்டாரில். வீட்டுக்கு ஓடு போட்டது கட்டார்ப் பணமில்லை. தாய் தன் வட்டையில் இருந்த வயல்துண்டை விற்றுப் போட்டது. மருமகன் உழைப்பது அவனுடைய இரண்டு தங்கைமாருக்கு வீடு கட்ட. அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. இளைய மகள் தாயோடு பின்பக்கம். உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கிழமைக்கு மூன்று தரம் அக்கரைப் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். சிகிச்சை இலவசம். ஆனால் நெரிசல் பஸ்ஸில் அவளால் போய்வர ஏலாது, பாதி வழியில் விழுந்துவிடுவாள். ஓட்டோவிலும் பாதையிலும் போய்வரத்தான் நோயாளர் கொடுப்பனவு. கிராம சேவகரின் கொப்பியில் அவள் பெயர் இருந்ததால் அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. புதிய கணக்கெடுப்பு முடிந்ததும் டெப்பில் தேறும் குடும்பங்களுக்குத்தான் இனிமேல்.

நான் கேள்வி கேட்கக் கேட்க, அந்தப் பிள்ளை திண்டில் சாய்ந்துகொண்டு என்னைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், உங்கட டெப்புக்கு சார்ஜ் குறைஞ்சா அங்க சுவரில குத்தலாம். எனக்கு சார்ஜ் போடப் பாதை ஏறிப் போகணும்."

"வாய மூடு புள்ள," என்றார் தாய்.

உலைக் கேள்வி வந்தது. தாய் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"ஒரே அடுப்புத்தான். மகள்தான் எங்களப் பாக்கிற."

"அப்ப இந்த அடுப்பு?"

"இது சும்மா தண்ணி சுட வைக்கிற."

"அந்தப் பானை?"

"அது கோழிக்குக் குருணல் அவிக்கிற."

வளவில் ஒரு கோழியையும் நான் காணவில்லை. பானைக்குள் சோறு இருந்தது, பக்கத்தில் சட்டியில் சுண்டங்கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தது. மூத்த மகள் வீட்டு வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் சொன்ன பதிலைக் கேட்டதும் அவள் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது. இவர்கள் தனிக் குடும்பம் என்று போட்டால் புதுப் படிவம், இன்னும் முக்கால் மணி நேரம், பிறகு பாதை போய்விடும். நான் 'ஆம்' அமுக்கினேன். செயலி வீட்டின் படம் கேட்டது. முன்னால் போய் ஓட்டு வீட்டைப் படம் எடுத்தேன். குளிர்சாதனப் பெட்டி உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு, வெளிநாட்டில் ஒருவர் உண்டு. எல்லாம் ஒரே உலையில் விழுந்தன.

எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கொழும்பிலிருந்து ஒருவன் வந்திருந்தால் அடுப்பைக் கண்டு 'இல்லை' என்று போட்டிருப்பான், அவனுக்கு அந்தக் கூச்சம் தெரியாது. எனக்குத் தெரிந்தபடியால்தான் பிழை விட்டேன். அதை மரியாதை என்று வேறு அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பட்டியல் வந்தபோது அந்த வளவுக்கு நேரே 'தகுதியில்லை' என்று இருந்தது. கொடுப்பனவு நின்றது. மூன்று தரம் போன பிள்ளை இரண்டு தரம் போகத் தொடங்கினாள். தாய் ஒபிஸுக்கு வந்தார். கவுண்டரில் இருந்தவர், இங்கே எதுவும் செய்ய முடியாது அம்மா, எல்லாம் ஒன்லைன், மேன்முறையீடு போடுங்கள் என்றார். எந்தக் கேள்விக்கும் அந்த நாட்களில் எங்களிடம் அந்தப் பதில்தான் இருந்தது. முன்பு கிராம சேவகரிடம் சண்டை பிடிக்கலாம், அழலாம், அவர் பெண்சாதியிடம் சொல்லலாம். இப்போது யாரிடம் போய் அழுவது? மனிதர்கள் எல்லோரும் கதிரையில் அப்படியேதான் இருந்தோம். அழுகை கேட்கிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

மேன்முறையீட்டைத் தாய் போடவில்லை. இளையவள்தான் ஆஸ்பத்திரியால் வரும் வழியில் ஒரு கொமினிகேசன் கடையில் ஏறிப் போட்டிருக்கிறாள். போட்டதும் இல்லாமல், பின்பக்க அடுப்பைப் போனில் படம் எடுத்து அதையும் சேர்த்துவிட்டிருக்கிறாள். தீ எரிகிறது, பானையில் சோறு, பக்கத்தில் தாயின் கால். கிளைத் தலைவர் அதைத் தன் கணினியில் பார்த்துவிட்டு, முதல் தகவல் எடுத்த உத்தியோகத்தரே போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கே அனுப்பினார். இரண்டு கிழமை தவணை. கடைசி நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி.

முதல் தகவல் பிழை என்பது படத்திலேயே தெரிந்துவிட்டது. ஏன் பிழையானது என்றுதான் செயலி கேட்டது. மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். உத்தியோகத்தரின் தவறு. குடும்பத்தினர் பொய்யான தகவல் தந்தனர். குடும்ப நிலைமை பின்னர் மாறியது.

முதலாவதை அமுக்கினால் அன்றைக்கே பதிவு திருத்தப்படும். என்னிடம் விளக்கக் கடிதம் கேட்பார்கள், என் நியமனம் அந்தக் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டாவதை அமுக்கினால் அந்தக் குடும்பத்தின் பெயர் இரண்டு வருடத்துக்கு முடக்கப்படும். மூன்றாவது யாருக்கும் நோகாது. ஆனால் அதற்கு வீட்டுக்காரி, அதாவது மூத்த மகள், சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடிதம் தர வேண்டும்: 'என் தாயும் தங்கையும் என் உலையில் உண்பதில்லை.' எதையும் அமுக்காமல் விட்டால் கடைசி நாளில் என் பெயருக்கு நேரே சிவப்பு விழும், நாலு மணி தாண்டினால் அதற்கும் விளக்கம்.

நான் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு அந்த வளவுக்கு ஓடினேன். கடிதத்தை நானே எழுதிக் கொண்டுபோனேன், கையெழுத்து மட்டும் போதும். மூத்தவள் வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் கறுத்தது.

"மிஸ், தாய்க்குச் சோறு போடாதவ எண்டு நானே கவுமெந்துக்கு எழுதிக் குடுக்கிறதா?"

"அப்பிடி இல்ல தங்கச்சி. வேற சமையல் எண்டுதான் எழுதியிரிக்கு."

"எங்கட ஊரில ரெண்டும் ஒண்டுதான். உங்களுக்குத் தெரியாதா? இவர்ட உம்மா ஊட்டாக்களுக்கு" என்று தொடங்கி, மாமி வீட்டாருக்கு என்று திருத்தும் அளவுக்குக் கூட நிதானமில்லாமல் நிறுத்தினாள். ஓட்டமாவடியில் முஸ்லிம் ஒருவரின் கடையில் வேலை செய்த பழக்கம், கோபம் வந்தால் அந்தச் சொற்கள் வந்துவிடும். "அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன நாறடிச்சிருவாங்க. இந்தப் புள்ளையும் படம் எடுத்துக் காட்டிப்போட்டுது."

இளையவள் உள்ளேயிருந்து கத்தினாள். "காட்டாம? செத்தாப்பிறகு என்ட படத்தக் காட்டுவீங்களா?"

நான் தாயைப் பார்த்தேன். அவர் சொன்னால் மூத்தவள் கேட்பாள் என்று நினைத்தேன்.

"வேணா புள்ள," என்றார் தாய். "ஒரு புள்ளையக் கெடுத்து மத்தப் புள்ளையக் காப்பாத்த எனக்குத் தெரியா."

அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. தாயில் வந்தது, மூத்தவளில் வந்தது, எங்கள் ஊரில் வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணி என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுக் கடிதத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ஊர் வாய்க்குப் பயந்து ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்கிறார்களே என்று பாதையில் வரும்போது வாய்விட்டே ஏசினேன். பக்கத்தில் நின்றவர் விலகி நின்றார்.

வீட்டுக்கு வந்தால், பின்பக்கம் என் அம்மா அவருடைய அடுப்பில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார். என்னுடைய வீடும் சீதன வீடு. எங்கள் வளவுக்குக் கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தரிடம் நானும், ஒரே உலை என்றுதான் சொல்லியிருந்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன புள்ள, பசிக்குதா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு மூத்தவளை மனதுக்குள் கூட ஏச எனக்கு முடியவில்லை. அதே நேரம், என் பதிவுகளைக் கிளறத் தொடங்கினால் என் வளவையும் கிளறுவார்கள் என்ற பயமும் அன்றைக்குத்தான் வந்தது.

திங்கள், செவ்வாய் போயிற்று. மூத்தவளுக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரி நாள்; பிள்ளை போகவில்லை, கால் வீங்கிப் படுத்திருக்கிறாள் என்று பாதையில் யாரோ சொன்னார்கள். அன்று இரவு முதலாவதை அமுக்கிவிடுவோம் என்று தீர்மானித்தேன். வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் கிளைத் தலைவர், யார் பெயரில் 'உத்தியோகத்தரின் தவறு' விழுகிறதோ அவர்களுடைய நிரந்தர நியமனம் பற்றி மேலிடம் கேள்வி கேட்கும், சொல்லவில்லை என்று பிறகு சொல்லாதீர்கள் என்றார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். என் தீர்மானம் அந்தக் கூட்டத்தோடு ஆட்டம் கண்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மூத்தவள் வரவில்லை. சுவரில் இருந்த பெரிய திரையில் எங்கள் கிளையில் ஒரேயொரு சிவப்பு, அது என் பெயர். தலைவர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் குடும்பம் எனக்குப் பொய் சொன்னது உண்மைதானே, 'ஒரே அடுப்புத்தான்' என்று தாயின் வாயாலே வந்ததுதானே, நான் இல்லாததை எழுதவில்லையே. இப்படி ஒவ்வொன்றாய் எனக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், என் புருசனுக்கு நிலையான வேலையில்லை. அதையும் எடுத்துக் கொடுத்தேன். பிறகு இரண்டாவதை அமுக்கினேன். நிச்சயமா என்று செயலி கேட்டது. ஆம் என்றேன். சிவப்பு பச்சையாயிற்று.

இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டால், அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஏலவில்லை. அவ்வளவுதான், வேறு காரணமில்லை.

மூன்று மணிக்கு மூத்தவள் வந்தாள். சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வியர்த்து ஊற்ற, என் மேசைக்கு முன்னால் வந்து நின்று கடிதத்தை நீட்டினாள். கையெழுத்து இருந்தது, சமாதான நீதவானின் முத்திரை இருந்தது. தங்கள் ஊர் நீதவானிடம் போகக் கூசி, கரடியனாற்றுக்கு பஸ் ஏறிப் போய் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாங்கி வந்திருந்தாள். அதனால்தான் இவ்வளவு நேரம்.

"நாலு மணிக்குள்ள எண்டு சொன்னீங்க. இப்ப மூணுதானே மிஸ்? அவருக்கும் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். வாறது வரட்டும். புள்ள நேத்துலயிரிந்து மூச்செடுக்கக் கஷ்டப்படுறாள்."

கடிதம் என் கையில் இருந்தது. மாவட்டச் செயலகத்துக்கு ஒரு போன் எடுத்து, பதிவைத் திறந்து விடுங்கள், ஆவணம் வந்துவிட்டது என்று கேட்டிருக்கலாம். திறந்திருப்பார்களோ என்னவோ. ஆனால் கேட்டால், தவணை முடிய முந்தி ஏன் இரண்டாவதை அமுக்கினாய் என்று அவர்கள் என்னைக் கேட்பார்கள்.

"மிசின் பூட்டிட்டுது தங்கச்சி," என்றேன்.

"நாலு மணிக்குத்தானே?"

"முந்தியே பூட்டிட்டுது. அது அப்பிடித்தான், நமக்குச் சொல்லிட்டுச் செய்யிறல்ல."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு சொல்லும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

"திங்கக்கிழமையே வந்திரிக்கணும்," என்றாள். "ரோசத்தப் பிடிச்சிக்கிட்டு இரிந்திட்டன். என்ட தங்கச்சிக்கு நான்தான் இப்பிடிச் செஞ்சிட்டன், என்ன மிஸ்?"

அந்த 'என்ன மிஸ்'ஸுக்கு அவள் என்னிடம் ஒரு பதிலை எதிர்பார்த்து நின்றாள். இல்லை என்று ஒரு சொல். நான் சொன்னது, "ஓம், கொஞ்சம் முந்தி வந்திருந்தா."

அவள் தலையை ஆட்டினாள். கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இனி எப்போது விண்ணப்பிக்கலாம் என்று கேட்டாள், இரண்டு வருடம் என்றேன். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். கிழமைக்கு ஒரு தரம்தான் இப்போது போகிறாள், சில கிழமை அதுவுமில்லை. பகிடி பேசுகிற வாய் நின்றுவிட்டது என்று தாய் சொன்னார். மருமகன் போன் எடுப்பதில்லையாம். நீங்க என்ன செய்வீங்க புள்ள, மிசின் செய்த வேலைக்கு என்று எனக்கு ஆறுதலும் சொன்னார். மூத்தவளைச் சில பின்னேரங்களில் பாதையில் காண்கிறேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொள்கிறாள். வெட்கப்பட வேண்டியவள் தான்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அக்கரை வந்து சேரும்வரை, ஒன்றும் சொல்லாமல், நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன்.